பதினோரு எழுத்துத் தந்தி

புதுக்கோட்டை,
19 ஜனவரி 1966

அன்புள்ள உண்ணாமலைக்கு,

பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். பதிலில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக, எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. உன் கடிதம் கிடைத்த விவரம்.
2. தோட்டத்தை விற்கலாமா என்று நீ கேட்டிருப்பதால், உலக நிலவரம்.
3. 1951-ஆம் வருடத் தந்தியில் நேர்ந்த பிழை கம்பியில் நேர்ந்தது, நான் எழுதியதில் அல்ல என்பது.
4. உனக்கு யோசனை சொல்ல எனக்கு இன்னும் தகுதி உண்டா என்பது.

முதலாவது. பொங்கல் முடிந்து திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. தபால்காரர் மலேசியத் தபால்தலையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அவர் போகும்வரை நான் உறையைப் பிரிக்கவில்லை. உள்ளே நான்கே வரி. 'பக்கத்துப் பெரிய தோட்டத்துக் கம்பெனி நம்ம பதினெட்டு ஏக்கரையும் கேக்குது. ஜூன் முப்பதுக்குள்ள சொல்லணும். விக்கவா, வேணாமா? ஒரு வார்த்த எழுதுங்க. தந்தி அடிக்காதீங்க.' நீ சுகம் விசாரிக்காததில் எனக்கு வருத்தமில்லை. கடைசி இரண்டு சொற்களை மட்டும் பலமுறை வாசித்தேன்.

இரண்டாவது. ரப்பர் விலை ஐந்து ஆண்டுகளாக இறங்குமுகம். ரசாயனத்தில் செய்த ரப்பர் பெருகிவிட்டது. அமெரிக்கா தன் கிடங்கில் குவித்து வைத்ததை வெளியே விற்கிறது. உன் மரங்கள் முப்பது வயதைத் தாண்டியவை. வெட்டிவிட்டு மறுநடவு செய்தால் ஏழு ஆண்டு பால் இல்லை. போன ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்துவிட்டது. இந்தோனேசியச் சண்டை இன்னும் ஓயவில்லை. இவையெல்லாம் விற்பதற்கான காரணங்கள்.

விற்றுப் பணத்தை எங்கே வைப்பது என்று பார்த்தால், இங்கும் நிலைமை நன்றாக இல்லை. பாகிஸ்தான் போர், மழை பொய்த்தது, நிலத்துக்கு உச்சவரம்பு, தங்கத்துக்குக் கட்டுப்பாடு. ரூபாயின் மதிப்பைக் குறைப்பார்கள் என்றும், குறைக்கவே மாட்டார்கள் என்றும் ஒரே பத்திரிகையில் எழுதுகிறார்கள். பின் தெரு சேவுகனை உனக்கு நினைவிருக்கும். ரங்கூனில் இருபத்தாறு வருட உழைப்பு. முதலில் பாங்கியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஒரு தகரப் பெட்டியோடு கப்பலிலிருந்து இறங்கினார். பெட்டிக்குள் அந்த நோட்டுகள்தான் இருந்தன. இப்போதும் வெயிலில் காயவைத்து எடுத்து வைக்கிறார்.

நான் மட்டும் என்ன? சமஸ்தானத் தர்பார் ஆபீசில் இருபத்தைந்து வருடம் ரிக்கார்டுகளைக் காத்தேன். 1948 மார்ச்சில் ஒரு நாள் காலையில் சமஸ்தானமே இல்லை என்றானது. அலமாரிகள் அப்படியே இருந்தன. நீ கப்பலேறும்போது முந்தானையில் முடிந்துகொண்டுபோன அம்மன் காசு இன்று எங்கும் செல்லாது. எது நிலைக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருடமாக வியாபாரப் பக்கத்தைக் கத்தரித்து ஒட்டுகிறேனே தவிர, ஒரு பங்குப் பத்திரம்கூட வாங்கியதில்லை.

மூன்றாவது. இதை 1951-லேயே எழுதினேன். நீ பதில் போடவில்லை. படித்தாயா என்றும் தெரியாது. ஆகவே முழுவதும் திரும்ப எழுதுகிறேன். அந்த ஜனவரியில் மாப்பிள்ளை ஆண்டியப்பன் எனக்குக் கடிதம் எழுதினார். கொரியாச் சண்டையால் ரப்பர் ராத்தல் இரண்டு மலாயா வெள்ளியைத் தொட்டுவிட்டது, ஈப்போவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே, கனவிலும் காணாத விலை சொல்கிறார், விற்றுவிட்டு மூவரும் ஊர் திரும்புவதா, வைத்துக்கொள்வதா, 'மச்சான் ஒரு வார்த்தை தந்தி கொடுத்தால் போதும்' என்று.

பதினோரு நாள் பத்திரிகைகளைப் படித்தேன். போருக்காக வாங்கிக் குவிப்பவர்கள் ஒரு நாள் நிறுத்துவார்கள், அன்று விலை விழும் என்று முடிவுக்கு வந்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் வழியில் நாலு பேர் படித்து, சங்கதி தவுக்கேயின் காதுக்குப் போய், விலையைக் குறைத்துவிடுவார் என்று பயந்தேன். அதனால் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதினேன். 'விற்க வேண்டும்' இரண்டு சொல். சேர்த்து எழுதினால் தந்திக் கட்டணத்துக்கு ஒரே சொல், பதினோரு எழுத்து. அதில் கடைசிக்கு முந்தியது யு. அந்த யு, ஏ ஆகிவிட்டால் 'விற்கவேண்டாம்'. தந்தி முறையில் யு என்பது இரண்டு புள்ளி, ஒரு கோடு. ஏ என்பது ஒரு புள்ளி, ஒரு கோடு. வழியில் எங்கோ ஒரு புள்ளி விழுந்துவிட்டது. நீங்கள் விற்கவில்லை. ஜூலையில் தோட்டப் பாதையில் மாப்பிள்ளையைச் சுட்டுவிட்டார்கள். என் தந்தி 'வேண்டாம்' என்று வந்ததாக எனக்குத் தெரிந்ததே அந்த இழவுச் செய்தியோடுதான்.

நான்காவது. தகுதி இல்லை என்றே நினைக்கிறேன்.

உன் அண்ணன்,
அய்யாக்கண்ணு



சுங்கை சிப்புட்,
8 பிப்ரவரி 1966

அண்ணனுக்கு,

நம்பர் போட்டு எழுதுறத இன்னும் விடலையா? என் கல்யாணத்துக்கே எட்டு நம்பர் போட்டு சாமான் பட்டியல் எழுதினீங்க. தாலி எட்டாவதா இருந்துச்சு.

ஒரு வார்த்த கேட்டேன். ஆறு பக்கம் வந்துருக்கு. பர்மா வந்துச்சு, தங்கம் வந்துச்சு, சேவுகன் நோட்டக் காயப்போடுறது வந்துச்சு. அந்த ஒரு வார்த்தையக் காணோம்.

படிச்சேனான்னு கேட்டீங்க. அப்பயே படிச்சேன். புருசன் செத்து பதினாறு நா முடியல, அண்ணன் புள்ளிக் கணக்கு எழுதி அனுப்புறார். எனக்கு என்ன பதில் போடத் தோணும்? நீங்க அங்கிட்டு புள்ளிய எண்ணிக்கிட்டு இருந்தீங்க. நான் இங்கிட்டு அஞ்சு வயசுப் புள்ள செவந்திய வச்சுக்கிட்டு, காட்டுல இருக்குற கம்யூனிஸ்டுங்களுக்கு அரிசி போயிடக் கூடாதுன்னு கவர்மெண்டு கம்பி வேலிக்குள்ள அடைச்ச புதுக் குடியிருப்புல, குடிசைக்கு முறை வச்சு அரிசி வாங்கிக்கிட்டு இருந்தேன்.

அந்தத் தந்தி வந்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல. நானும் எழுதிடுறேன், நம்பர் போடாம. எங்க ரெண்டு பேருக்கும் இங்கிலீசு தெரியாது. கடை வச்சிருந்த பெரியகருப்பன் அண்ணனுக்குத்தான் கொஞ்சம் எழுத்து தெரியும். ரப்பர் விக்கிற ரசீத வாசிச்சு வாசிச்சுப் பழகினவர். அவர்கிட்ட போனோம். கண்ணாடிய மாட்டிக்கிட்டு, எழுத்தெழுத்தா வெரல வச்சுத் தடவினார்.

"விர்க்க... வெண்... டம்..." ன்னு இழுத்தார்.

"சட்டுனு சொல்லுண்ணே, நெஞ்சு அடிச்சுக்குது" ன்னார் எங்க வீட்டுக்காரர்.

"வேண்டாம்னு போட்டுருக்குய்யா. விற்க வேண்டாம்."

அண்ணே, இவர் சிரிச்சார் பாருங்க. அந்த மரமெல்லாம் அவர் கையால நட்டது. விக்க அவருக்கு மனசே இல்ல. விக்கணும்னு நச்சரிச்சவ நான்தான். "பாத்தியா உண்ணாமல, படிச்ச மனுசன், மச்சானே சொல்லிட்டாரு. இனி வாயத் தொறக்காத" ன்னார். அந்தக் காயிதத்த மடிச்சு சட்டைப் பையில வச்சவர்தான். அப்பறம் மே மாசம் தவுக்கே திரும்ப வந்தார், கொஞ்சம் கொறைச்சுக் கேட்டார். அப்பயும் பையத் தட்டிக் காட்டி, "மச்சான் வேண்டாம்னுட்டாரு" ன்னு அனுப்பி வச்சார். ஜூலையில லாரியில ரப்பர் ஏத்திக்கிட்டுப் போகையில காட்டுக்குள்ள இருந்து சுட்டாங்க. யாரு, எதுக்குன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இன்னொன்னும் எழுதணும். செவந்திகிட்டகூட சொன்னதில்ல. சிரிக்காதீங்க.

அவர் வாரார். எப்பயும் இல்ல. ரேடியோவுல சிங்கப்பூர் வெல சொல்லுவாங்கள்ல, அது ஏறின அன்னைக்குத்தான். ரெண்டு சென் காசு ஏறினாப் போதும். மறுநா நான் மரத்துல பால் வெட்டப் போனா, பதினாலாவது வரிசையில முதுகக் காட்டிக்கிட்டு நிப்பார். திரும்ப மாட்டார். "மச்சான் என்ன சொல்றாரு?" ன்னு கேப்பார். மொதல்ல பயந்தேன். அப்பறம் வெல ஏறாதான்னு இருந்துச்சு. இப்ப ரப்பர் வெல இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஒங்க பத்திரிகைக்கு முந்தியே எனக்குத் தெரியும். அவர் வந்து நாலு மாசமாச்சு.

நீங்க எழுதின எதுக்கும் நகல் வச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். அந்தத் தந்தி நகலப் பாத்து எழுதுங்க. 'வேண்டும்'னு இருந்தா இந்தத் தடவையும் ஒங்க வார்த்தையக் கேக்குறேன். 'வேண்டாம்'னு இருந்தா, என் முடிவ நான் பாத்துக்குறேன்.

உண்ணாமலை



புதுக்கோட்டை,
6 மார்ச் 1966

அன்புள்ள உண்ணாமலைக்கு,

நான் சிரிக்கவில்லை.

நகல் இருக்கிறது. இந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் நன்றாக இருக்கும். கோப்பைப் பிரித்து மேசைமேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உள்ளே பதினோரு சீட்டுகள், ஒரு நாளைக்கு ஒன்று. விலை ஏறிய நாட்களில் நான் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். லேசாக இறங்கிய நாட்களில் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். ஆறு வேண்டும், நான்கு வேண்டாம். பதினோராவது சீட்டுதான் தந்தி ஆபீசுக்குக் கொண்டுபோனதன் கார்பன் நகல். அதில் யு-வின் மேல்வாய் மூடியிருக்கிறது. என் பேனா அந்த இடத்தில் தயங்கியிருக்க வேண்டும். யு என்று நினைத்துப் பார்த்தால் யு. ஏ என்று நினைத்துப் பார்த்தால் ஏ. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். பெரிய சந்தேகமாகத் தெரிந்ததே தவிர வேறு பயன் இல்லை.

இதற்கு மேலும் ஒன்று உண்டு. அதைப் போன கடிதத்தில் எழுதாமல் விட்டேன். அன்று கவுண்டரில் இருந்தவர் நாகராசு என்பவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது யு-ங்களா, ஏ-ங்களா?" என்று கேட்டார். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பழைய தர்பார் ஆபீஸ்காரர். பதில் சொன்னால் என்ன சொல், யாருக்கு என்று அவர் கேட்பார் என்று தோன்றியது. நான், "சரிதான், அனுப்புங்க" என்றேன்.

யு-வா ஏ-வா என்று கேட்டவரிடம் சரிதான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சீட்டைப் பார்த்தார், எதையோ தட்டினார். மாப்பிள்ளையின் செய்தி வந்த பிறகு ஒரு நாள் அதே கவுண்டருக்குப் போய், எல்லோர் முன்னாலும், "ஒரு புள்ளியை விழுங்கி ஒரு ஆளைக் கொன்னுட்டீங்களேய்யா" என்று கத்தினேன். என் ஆயுளில் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். நாகராசு எழுந்து நின்றுகொண்டே கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை.

அவர் ஏன் பேசவில்லை என்பதுதான் என்னை விடுவதில்லை. நான் ஏ என்றே சொல்லியிருப்பேனோ? விலை ஏறிய நாளாக இருந்திருக்குமோ? அன்றைய பத்திரிகைத் துண்டைத் தேடினேன். அந்த ஒரு தேதி மட்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறேன். தந்தி முறையைப் புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டேன். அதைக் கற்காமலே இருந்திருக்கலாம். இந்த வீட்டுச் சுவரில் ஒரு பல்லி இருக்கிறது. பல்லி சொன்னால் மற்றவர்கள் திசை பார்ப்பார்கள். நான் எழுத்துப் பார்க்கிறேன். ஒரு முறை சொல்லி நிறுத்தினால், ஏ-வின் ஒற்றைப் புள்ளியோ என்று பதறி, இன்னொன்றுக்காகக் காத்திருக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். லண்டனில் ரப்பர் இந்த வாரம் சற்றே நிமிர்ந்திருக்கிறது. வியட்நாம் சண்டை பெருகினால் இன்னும் ஏறலாம். ஏறாமலும் போகலாம். நான் சொல்லும் எந்த வார்த்தையையும் நீ கேட்கத்தான் வேண்டுமா?

அய்யாக்கண்ணு



சுங்கை சிப்புட்,
25 ஏப்ரல் 1966

அண்ணனுக்கு,

பதினஞ்சு வருசமா ஒங்க மேல எனக்கு இருந்தது கோவம். இந்தக் கடுதாசியப் படிச்சதும் அதுவும் போச்சு. கோவப்படுறதுக்குக்கூட எதிர்ல ஒரு ஆள் நிக்கணும்ல. நீங்க என்ன எழுதினீங்கன்னு ஒங்களுக்கே தெரியல!

எனக்குத் தெரியும். ஏன்னா அந்தத் தந்தி என்கிட்டதான் இருக்கு. அவரக் கொண்டாந்து போட்டப்ப சட்டைப் பையில இருந்துச்சு. ஓரமெல்லாம் கறை. தொவைக்கவும் மனசில்ல, தூக்கிப் போடவும் மனசில்ல. பெட்டிக்கு அடியில வச்சேன். அப்பறம் எடுக்கவே இல்ல.

போன வாரம் எடுத்தேன். செவந்தி ஈப்போவுல இங்கிலீசு பள்ளிக்கூடத்துல டீச்சர். லீவுக்கு வந்திருந்தா. எதுக்குன்னு சொல்லல. சொன்னா ஒரு பக்கமா வாசிப்பா. யு, ஏ எல்லாம் எனக்குத் தெரியாது, வாசிம்மான்னு நீட்டினேன். அவளும் அதேதான் வாசிச்சா, கடகடன்னு. "விர்க்கவெண்டம். என்னம்மா இது, விற்க வேண்டாமா?" ன்னா. ஆமாத்தான்னு வாங்கி மடிச்சுட்டேன்.

ஆக, ஒங்க புள்ளி எங்கயும் விழுகல. நீங்க அனுப்பினதே அதுதான். இதோட அந்தத் தந்திய வச்சிருக்கேன். ஒங்க கோப்புல பன்னெண்டாவதா வச்சுக்கங்க.

வெல ஏறுனதா எழுதினீங்கள்ல. ஏறுச்சு. மார்ச் மாசம் ரெண்டு தரம் வந்தார். "மச்சான் என்ன சொல்றாரு?" ன்னு கேட்டார். தெரியலங்க, இன்னும் எழுதலைன்னேன். என்ன பண்ணச் சொல்றீங்க?

கம்பெனி வாங்கினா மரத்தையெல்லாம் சாச்சுட்டுப் புதுசா நடுவாங்களாம். அந்தத் தோட்டத்துக் கங்காணி சொன்னார். பதினாலாவது வரிசைன்னு ஒன்னு இருக்காது. செவந்தி, "வித்துட்டு என்னோட வந்து இரும்மா, ஒத்தையில மரத்தோட பேசிக்கிட்டுத் திரியிற" ங்கிறா. அவளுக்குத் தெரிஞ்சுருச்சோ என்னமோ. எனக்கும் முட்டி வலி, வரிசை நடக்க முடியல. ஆனா வித்துட்டா அவர் எங்க வந்து கேப்பார்? இல்ல, நான் போனப்பறமும் வெட்ட வெளியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாரா?

வெல என்ன ஆகும்னு நான் ஒங்ககிட்ட கேக்கல. அவருக்கு என்ன பதில் சொல்லன்னுதான் மொதல் கடுதாசியிலயே கேட்டேன். ஒங்களுக்குத்தான் புரியல.

ஜூன் முப்பது கெடு.

உண்ணாமலை



புதுக்கோட்டை,
14 ஜூன் 1966

அன்புள்ள உண்ணாமலைக்கு,

உன் கடிதம் மே முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. உறை தடித்திருந்தது. உள்ளே என்ன இருக்கும் என்று தொட்டதும் தெரிந்தது. ஐந்து வாரம் நான் அதைப் பிரிக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

இம்மாதம் ஆறாம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். உன் ஒரு வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல் வந்துகொண்டிருந்தது. இப்போது இரண்டரைக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஜனவரியில் நான் துணிந்து, உடனே விற்றுப் பணத்தை அனுப்பு என்று எழுதியிருந்தால் உனக்குப் பெரிய நஷ்டம். நான் பயந்ததால் லாபம். சேவுகன் வந்து, "ஒங்க தயக்கத்துக்கு இப்பத்தான்யா ஒரு வெல கெடச்சிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும் உறையைப் பிரித்தேன்.

தந்தி என் உள்ளங்கையில் இருந்தது. கறையைப் பார்த்தேன். பிறகு எழுத்துகளை எண்ணினேன். பத்தாவது எழுத்தில் கண் நின்றது. உண்ணாமலை, அது யு. மேலே திறந்த, சந்தேகத்துக்கே இடமில்லாத யு.

என் கண்ணை நான் நம்பவில்லை. மறுநாள் மணமேல்குடிக்குப் பஸ் ஏறினேன். நாகராசு ஓய்வு பெற்றபின் அங்கே மகனோடு இருக்கிறார். நான் ஊரைவிட்டு வெளியே போய் ஆறு வருடம் ஆகிறது. அவர் வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க சார். பதினஞ்சு வருசமாச்சு, பாக்கி சண்டையப் போட வந்தீங்களா?"

தந்தியை நீட்டினேன். கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் முக்காலியில் பதினோரு எழுத்தையும் மெல்லத் தட்டினார். பத்தாவதுக்கு இரண்டு தட்டு, ஒரு நெடுந்தட்டு.

"முழுசா வந்திருக்கே சார். ஒரு புள்ளி கொறையல."

"அன்னைக்கு நான் யு-ன்னு சொன்னேனா, ஏ-ன்னு சொன்னேனா?"

"நீங்க எங்க சார் சொன்னீங்க? சரிதான்னீங்க. மொகத்துல ரத்தம் இல்ல. சரி, மனுசர் ஏதோ கஷ்டத்துல இருக்கார்னு, சீட்டப் பாத்தேன். பேனா மேல இருந்து கீழ எறங்கித் திரும்ப ஏறியிருந்துச்சு. அது யு. அனுப்பினேன்."

"அப்புறம் நான் கத்தினப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"வீட்ல ஒரு சாவு விழுந்துட்டு வந்து நிக்கிறீங்க. உங்ககிட்ட என்னத்தப் பேச?" என்றார். தந்தியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "எங்க வேலை எழுத்த அனுப்புறது சார். அது அங்க என்ன வார்த்தையாகும்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். கருவாடு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காது கேட்காதவர்போலப் பொட்டலத்துக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

யு போய்ச் சேர்ந்திருக்கிறது. பிறகு எப்படிப் பெரியகருப்பன் வேண்டாம் என்று வாசித்தார்? செவந்தி எப்படி அதையே வாசித்தாள்? திரும்பும் வழியில் அறந்தாங்கியில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு எதிரே ஒரு டயர்க் கடை. பெயர்ப்பலகையில் ஆங்கிலத்தில் ரப்பர் என்று எழுதியிருந்தது. வேறு வேலையில்லாமல் எழுத்துக்கூட்டினேன். ஆர், யு, பி, பி, இ, ஆர்.

அந்தச் சொல்லிலேயே யு இருக்கிறது. அதை யாரும் 'ருப்பர்' என்று வாசிப்பதில்லை. ரப்பர் என்றுதான் வாசிக்கிறோம்.

பெரியகருப்பன் ரசீதுகளை வாசித்துப் பழகியவர் என்று நீயே எழுதியிருந்தாய். ரப்பர் ரசீதில் வேறு என்ன சொற்கள் இருக்கும்? கொட்டாங்கச்சியில் உறைந்த பாலுக்கு 'லம்ப்', அதில் யு. கூட்டுத்தொகைக்கு 'சம்'; எஸ், யு, எம். எஸ், யு, எம் சம் என்றால் டி, யு, எம் டம். 'வெண்டம்'. அது தமிழில் ஒரு சொல்லாக வேண்டுமானால் வேண்டாம் என்றுதான் ஆகும். உன் ஊர்ப் பெயரான சுங்கை சிப்புட்டிலும் இரண்டு யு உண்டே, அங்கே உகரம்தானே என்று நீ கேட்கலாம். ஊர்ப் பெயரை யாரும் எழுத்துக்கூட்டி வாசிப்பதில்லை. வாயில் இருப்பதைச் சொல்கிறோம். செவந்தி ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். அவளுக்கு அந்த யு அகரமாக ஒலிப்பதுதான் இயல்பு. அவள்மேல் எந்தக் குறையும் இல்லை. பெரியகருப்பன் இருந்தால் அவரிடமும் எதுவும் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளைக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அவர் காதில் விழுந்தது அவர் மனத்தில் ஏற்கெனவே இருந்த சொல். அதனால் சந்தேகப்படவில்லை, திரும்பக் கேட்டு எனக்கு எழுதவும் இல்லை. நானாக இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

பஸ்ஸில் எனக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. நான் வேண்டும் என்றே எழுதியிருக்கிறேன். ரப்பரைப் பற்றி என் கணக்கும் சரியாக இருந்திருக்கிறது. புதுக்கோட்டை வந்து இறங்குவதற்குள் அந்த நிம்மதி போய்விட்டது. தமிழ் தெரிந்தவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். பத்து நாளில் போயிருக்கும், தவுக்கே அதற்கும் மேலே காத்திருந்தார். அல்லது விற்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'செல்' என்று நாலெழுத்து அனுப்பியிருக்கலாம். கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? யாராவது படித்துவிடுவார்கள் என்று பயந்து, யாராலும் சரியாகப் படிக்க முடியாத ஒன்றை எழுதினேன். எழுதிவிட்டு, இரண்டு சொல்லை ஒன்றாக்கிய சாமர்த்தியத்தை நினைத்து வீடுவரை மகிழ்ந்துகொண்டே நடந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

இனி உன் கேள்வி. பல்லி ஏதோ சொல்கிறது. நான் எண்ணவில்லை.

விற்க வேண்டும்.

இரண்டு சொல்லாக, தமிழில், இடம் விட்டு எழுதியிருக்கிறேன். வாய்விட்டு வாசி. செவந்தியையும் வாசிக்கச் சொல். வரும் பணத்தை அவள் பெயரில் ஈப்போ பாங்கியில் போடு. நீ அவளோடு போய் இரு. இங்கே அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஊரைப் பார்க்க வேண்டும்போல் இருந்தால் வா, அது வேறு.

மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். விலை ஏறும்வரை காத்திருக்காதே. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே பதினாலாவது வரிசைக்குப் போ. அவர் நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, அவர் கேட்பதற்கு முன்பே நீ சொல்லிவிடு. மச்சான் விற்க வேண்டும் என்றுதான் எழுதினார், அது முழுதாக வந்து சேர்ந்தது, ஐந்து மாதமும் உங்கள் பையில்தான் இருந்தது என்று சொல். தந்தியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது என் கோப்பில் இருக்கத் தக்கதல்ல.

என் முதல் கடிதத்தில் மூன்றாவதாகக் குறித்திருந்ததை அடித்துவிடு. கம்பியில் எந்தப் பிழையும் நேரவில்லை. நான் எழுதியதில்தான் நேர்ந்தது.

உன் அண்ணன்,
அய்யாக்கண்ணு